காப்புக்கு முன்னால் ஓடை தாண்டிய உண்ணாமலை

உண்ணாமலை அக்காவுக்கும் எனக்கும் பழக்கம் ஒரு போட்டோ தகராறில் தொடங்கியது.

குன்னத்துப் பக்கம் சின்ன வெங்காயம் கொள்முதல் செய்யும் உழவர் கம்பெனி ஒன்றில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காடு காடாகப் போய் அறுப்பு எப்படி நடக்கிறது, காய் தேறுமா தேறாதா என்று போனில் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அன்றைக்கு ஒரு கரிசல் காட்டில் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காய்ந்த வெங்காயத்தின் தாளை அறுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டுக்குப் போனை நீட்டி இரண்டு படம் எடுத்தேன்.

"ஏ தம்பி, நில்லு. வெங்காயத்த எடுத்தியா, எங்கள எடுத்தியா?"

"வெங்காயத்ததாங்க்கா."

"எங்க, காட்டு."

காட்டினேன். வெங்காயம் ஓரத்தில் இருந்தது. நடுவில் கேள்வி கேட்ட அந்த அக்கா இருந்தார், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு.

"அடியே வேணி, இங்க வந்து பாருடி. என்னய வெங்காயங்கிறான்!" பந்தலே சிரித்தது. "எங்கள எடுக்கறதுன்னா சொல்லிட்டு எடு. தலைய வாரிக்கிட்டு ஒக்காருறோம். இப்ப அத அழிச்சிரு."

அழித்தேன். அதோடு விடவில்லை. எந்த ஊர், என்ன படிப்பு என்று விசாரணை நடந்தது. பி.எஸ்சி. தாவரவியல் என்றேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை நான் எல்லாரிடமும் சொல்வேன். சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

"முதல்னா ரெண்டாவது யாரு?"

"தங்கச்சி. அரியலூர் காலேஜ்ல படிக்குது."

"அப்ப சரி. ரெண்டாவது வராட்டி, முதலும் நீதான் கடைசியும் நீதான்," என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கட்டை எடுத்தார்.

உண்ணாமலை பிறந்தது அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சி. வாக்கப்பட்டது குன்னத்துக்கு உள்ளே, ஓடைக்கு அந்தக் கரையில் இருக்கும் ஊர். ஓடைக்கு இந்தக் கரையில்தான் எங்கள் கம்பெனியின் கொட்டகை. கணவர் தர்மன் மக்காச்சோளக் கதிர் அடிக்கிற மெஷின் ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்து இருந்து அவருக்குக் காது மந்தம். ஒரே மகன் மணிமாறன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அக்காவுக்கு வேலை, ஆள் கூட்டிக்கொண்டு போவது. வெங்காயம் பிடுங்க, தாள் அறுக்க, பருத்தி எடுக்க யாருக்கு ஆள் வேண்டுமானாலும் போன் அக்காவுக்குத்தான் வரும். விடிவதற்குள் லோடு ஆட்டோவில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, தானும் உட்கார்ந்து அறுப்பார். வருகிறேன் என்று சொன்ன காட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. மழை பெய்து சேறாகிக் கிடந்த காட்டுக்குக்கூடப் போய் நின்று, "வந்துட்டோம், நீங்களே பாருங்க, எறங்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்.

போன மாசியில் ஒருநாள் மத்தியானம் அக்கா தனியாகக் கொட்டகைக்கு வந்தார். சாக்கு மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"தம்பி, பயாப்சின்னா என்னாப்பா?"

யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான். மாருல ஒரு கட்டி. குளிக்கறப்ப கையில தட்டுப்பட்டுது. விதை வெங்காயம் பெருசு இருக்கும்."

எனக்குத் தலை தானாகக் குனிந்துவிட்டது.

"ஏன் தரையப் பாக்குற? நீ பால் குடிக்காமயா வளந்த? நிமிந்து பதில் சொல்லு."

நிமிர்ந்தேன். அதற்குள் டெஸ்ட்டே எடுத்தாகிவிட்டது என்று அப்போதுதான் சொன்னார். ஊருக்கு வரும் நர்ஸம்மா பார்த்துவிட்டு உடனே போகச் சொல்ல, வேணியைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி வரச் சொல்லி, மரக்க ஊசி போட்டு, துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து டப் டப்பென்று சதை எடுத்திருக்கிறார்கள்.

"வலி இல்ல. சத்தந்தான். தீவாளிக்குப் புள்ளைங்க கேப்பு வெடிக்குமே, அந்தச் சத்தம். எனக்கு என்னான்னா, எடுத்தத வெச்சு என்னா பண்ணுவாங்க?"

மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அது சாதாரணக் கட்டியா கெட்ட கட்டியா என்று பார்ப்பார்கள் என்றேன். காலேஜில் இலைத் தண்டைச் சீவி நான் பார்த்ததும் அதே மாதிரிதான் என்று சொன்னேன்.

"ஓ. யாவாரி மூட்டைக்குள்ள கைய விட்டு ஒரு காயி எடுத்து அமுக்கிப் பாக்குறான்ல, அந்த மாதிரி."

"ஆமாங்க்கா."

"அந்தக் காயி சொத்தையா இருந்தா மூட்டை பூரா சொத்தைன்னு சாதிப்பானே அவன்!" சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "பத்து நாள் போல ஆகுமாம். போன் பண்றோம்னாங்க. பேரப் பாரு, பயாப்சி. ஆரம்பமே பயம்."

அன்றிலிருந்து அந்தப் போன்தான் அக்காவுக்கு எல்லாம். அதைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருப்பார். பள்ளக்காட்டில் டவர் கிடைக்காது. அதனால் எந்தக் காட்டுக்குப் போனாலும் அறுப்புப் பந்தலை மேட்டு வரப்பில் போடச் சொன்னார். வெயில் அதிகம் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். "ஒங்களுக்கு நெழலு வேணும், எனக்கு டவரு வேணும். யாரு பெரியவ?" என்று அடக்கிவிட்டார். போன் அடித்தால் பந்தல் முழுக்கக் கத்திகள் நின்றுவிடும். ஒருநாள் நான் இருக்கும்போதே அடித்தது. அக்கா எழுந்து வரப்புக்கு ஓடி, மூச்சு வாங்க, "சொல்லுங்க டாக்டர்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கத்தினார்: "லோனா? ஒனக்கு வேற வேலையே இல்லியாடி? எவ ஒன்னய லோன் கேட்டா? ஒரு மனுசி உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்..."

"அக்கா, அது மெசின்க்கா, ரெக்கார்டு பண்ணது," என்றாள் வேணி.

"மெசினுக்குக் காது இருந்தா கேட்டுக்கட்டும்."

வேணி அக்காவின் கூட்டத்திலேயே இளையவள், அக்காவுக்கு வலது கை. நாள் முழுக்க இதே பேச்சாக இருப்பதைப் பார்த்து அவள்தான் முதலில் அழுதாள். மற்ற பெண்களும் ஆளுக்கொரு கதை கொண்டுவந்தார்கள். எவளோ அத்தைக்கு இப்படி இருந்து ஒன்றுமில்லாமல் போனது, எவளோ கொழுந்தியாளுக்கு இப்படி இருந்து ஆளே போனது. அக்கா ஒரு சட்டம் போட்டார். சோற்று நேரத்தில் மட்டும் அதைப் பற்றிப் பேசலாம். அழலாம், கேட்கலாம், கதை சொல்லலாம். சாப்பிட்டுக் கை கழுவினால் முடிந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கிறவள் மறுநாள் தண்ணீர்க் கேனைத் தூக்க வேண்டும்.

சட்டம் நன்றாகவே நடந்தது. தூக்குச்சட்டியைத் திறந்ததும், "ம், இப்பக் கேளுங்கடி" என்பார். கேட்பார்கள். கையைக் கழுவிக்கொண்டு முந்தானையில் துடைத்ததும் கத்திகள் மறுபடி ஓடும். முதலில் மாட்டியது அக்காவேதான். ஒரு சாயங்காலம் தாள் அறுத்துக்கொண்டே, "மணிமாறனுக்கு இன்னும் பொண்ணுகூடப் பாக்கல" என்று தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டார். கொஞ்சம் கழித்து அக்காவே, "சரி, நாளைக்குக் கேனு நான் தூக்கறேன்" என்றார். மறுநாள் தூக்கவும் செய்தார்.

மகனிடம் இன்னும் சொல்லவில்லை. ரிசல்ட் வரட்டும் என்று வைத்திருந்தார்.

பயம் இல்லையா என்று ஒருநாள் நான் கேட்டேன். "ஏன் இல்ல? காலைல கண்ணு முழிச்ச ஒடனே ஒரு நிமிசம் ஒண்ணும் நெனப்பு இருக்காது. அடுத்த நிமிசம் வந்து நெஞ்சு மேல ஒக்காந்துக்கும். படுத்துக் கெடந்தா அது ஜெயிச்சிரும் தம்பி. அதான் எந்திரிச்சு ஆட்டோக்காரனுக்குப் போன் போடறேன். அவன் தூக்கக் கலக்கத்துல திட்டுவான். அத வாங்கிக்கிட்டா நாளு ஆரம்பிச்சிரும்."

அதற்குள் பங்குனி வந்துவிட்டது. அக்கா ஊரில் மாரியாயி திருவிழா பங்குனியில்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்பு கட்டுவார்கள். கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், அடுத்த செவ்வாய் தேர் ஓடி முடிந்து காப்பு அவிழ்க்கும் வரைக்கும் ராத்திரி வெளியூரில் தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லைக்குள் வந்துவிட வேண்டும். தீச்சட்டி எடுக்கிறவர்கள் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அவர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

காப்புக்கு முந்தின நாள் காலி டிரேக்களை இறக்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் தர்மனின் அக்கா சின்னப்பிள்ளை உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அடுத்த வீடு அவருடையது. தர்மன் மெஷினின் பெல்ட் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியுமாடி சேதி? தம்பி இந்த வருசம் சட்டி எடுக்குது. ஒனக்காக நேந்துக்கிட்டான்," என்றார் சின்னப்பிள்ளை.

அக்கா கையிலிருந்த டிரேயைக் கீழே வைத்தார். "என்னய ஒரு வார்த்த கேட்டாரா?"

"சாமிக்கு நேந்துக்கறதுக்குப் பொண்டாட்டியக் கேக்கணுமா?"

"நாளைக்குப் போன் வந்து, வந்து படுன்னு சொன்னா? கயித்தக் கட்டிக்கிட்டு இவரு எப்படி வந்து கூட இருப்பாரு? நாந்தான் எப்படிப் போயிப் படுக்கறது?"

"தேரு முடியட்டும், போலாம். இத்தினி நாளு இருந்த கட்டி எட்டு நாள்ல எங்க ஓடிடப் போவுது? ஏற்கெனவே ஊசிய உட்டுக் கெளறியாச்சு. கத்தி பட்டா பரவும்னு ஊரே சொல்லுது."

"ஊரு பி.எஸ்சி. படிச்சிருக்கா? இந்தா நிக்குது படிச்ச புள்ள. கேளுங்க."

"அப்படியெல்லாம் பரவாதுங்க. என்ன கட்டின்னு தெரிஞ்சுக்க அதுதான் வழி. தெரிஞ்சா தள்ளிப் போடக் கூடாதுங்க," என்றேன்.

சின்னப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஊருப்பா? ஓடைக்கு அந்தாண்டயா? அதான். எங்க சாமி ஒனக்குத் தெரியாது." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "கல்லங்குறிச்சிக்காரிக்கு மட்டும் எங்க மாரியாயிகிட்ட பயம் எங்கேர்ந்து வரும்?" என்றார்.

"பயம் இல்லாமயா அண்ணி ஒங்களோட இத்தன வருசம் காலந் தள்ளுறேன்?"

சின்னப்பிள்ளைக்கே உதட்டோரம் சிரிப்பு வந்து, கீரையில் முகத்தை வைத்துக்கொண்டார். இவ்வளவு பேச்சில் தர்மனுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. ஊசியைப் பெல்ட்டில் குத்தி வைத்துவிட்டு, "நான் வேற என்னா செய்யட்டும் உண்ணாமல?" என்றார். "எனக்கு வேற என்னா தெரியும்?"

அக்கா டிரேக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு அவர் பக்கத்தில் போய், காதுக்கு நேராகச் சொன்னார். "நீங்க கட்டிக்குங்க. நான் கட்டிக்கல."

மறுநாள் சாயங்காலம் கொட்டகையில் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் மேளம் ஆரம்பித்துவிட்டது. பாலத்து வழியாக அக்கா ஒயர்கூடையோடு வந்துகொண்டிருந்தார். பின்னால் வேணி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"காப்பு கட்டி முடியற வரைக்கும் இங்க ஒக்காந்துக்கறோம் தம்பி. கட்டறப்ப ஊருக்குள்ள இல்லாதவங்களுக்குக் கட்டுப்பாடு கெடையாது. எப்ப வேணா கெளம்பலாம்."

"ஒனக்கு சரி. நான் எதுக்குக்கா தாண்டணும்? ஆட்டப் புடிச்சுக் கட்டக்கூட இல்ல," என்றாள் வேணி.

"நான் படுத்தா எனக்குச் சோறு வாங்கியாந்து குடுக்க ஆளு வேணாமா? ஒங்க மாமன் கயித்துக்குள்ள மாட்டிக்கிட்டாரு. நீயும் மாட்டிக்கிட்டீன்னா?"

அவர்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மொபெட்டில் கருப்பண்ணன் வந்தார். கோயில் காரியங்களை முன்னால் நின்று பார்க்கிறவர். பாலத்து முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டார். "ஏ உண்ணாமல! காப்பு கட்டப் போறோம். இங்க என்னா பண்ற?"

"அதுக்குத்தாங்க இங்க இருக்கேன்."

அவருக்கு விஷயம் தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இதோ திட்டப்போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் ஓடையைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், காலால் மண்ணில் ஒரு கோடு மாதிரி இழுத்துப் பார்த்தார்.

"எல்லை ஓடை நடுவுல போவுது. ஆனா இந்தக் கொட்டகை முன்வாசலு பொறம்போக்குல நீட்டிக்கிட்டு இருக்கு. அது எங்க ஊருக் கணக்குன்னும் சொல்லலாம். அதனால உள்ள தள்ளி ஒக்காரு. மேளம் நிக்கிற வரைக்கும் வாசலுக்கு வந்துடாத. பாலத்து மேல நின்னு வேடிக்க பாத்தாலும் செல்லாது, சொல்லிப்புட்டேன்."

"சரிங்க."

"வேணி, ஒன் காலு வெளிய இருக்கு. உள்ள இழு."

வேணி காலை இழுத்துக்கொண்டாள். கருப்பண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மேளம் வேகமெடுத்தது. குலவைச் சத்தம் ஓடையைத் தாண்டி வந்தது. அக்கா வெங்காயக் குவியலுக்குப் பின்னால் எழுந்து நின்று, சத்தம் வந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார். நெடுநேரம் கும்பிட்டார். பிறகு மேளம் நின்றது.

"கட்டிட்டாங்களா?"

"கட்டிட்டாங்க்கா," என்றாள் வேணி.

"அப்ப எனக்குக் கட்டு இல்ல. கட்டி மட்டுந்தான் இருக்கு."

வேணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்ப ஆரம்பித்தாள். "சோத்து நேரம் முடிஞ்சு போச்சுடி. நாளைக்குக் கேனு ஒனக்கு," என்று அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு இருவரும் ஊருக்குத் திரும்பியதை வேணி பிறகு சொன்னாள். காப்புக்கு வெளியே இருந்தவள் என்றால் ஊருக்கு விருந்தாளி மாதிரிதான். சின்னப்பிள்ளை முறைத்துக்கொண்டு, சொந்த வீட்டு வாசலில் நின்ற அக்காவுக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். "வாங்க. எந்தூரு?" என்று கேட்டும் இருக்கிறார். அக்காவும் சளைக்காமல், "கல்லங்குறிச்சிங்க. இங்க தர்மன் வூடு எதுங்க?" என்றாராம். மணிக்கட்டில் மஞ்சள் கயிறோடு உள்ளே இருந்து வந்த தர்மனுக்கு ஒன்றும் புரியவில்லையாம்.

ஒரு நாள் விட்டுப் போன் வந்தது. சோற்று நேரம் முடிந்து எல்லாரும் கை கழுவியாகிவிட்டது. அக்கா வரப்புக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். சட்டப்படி யாரும் கேட்கக் கூடாது. கேட்கவில்லை.

அக்காவே சொன்னார். "ரிசல்ட்டு வந்துருச்சாம். நாளைக்கு வரச் சொல்றாங்க. தனியா வராதீங்க, வூட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு வாங்கன்னாங்க."

"அது எல்லாருக்கும் சொல்றதுதாங்க்கா," என்றாள் வேணி.

"நல்ல சேதின்னா போன்லயே சொல்லியிருப்பாங்கடி." கத்தியை நிறுத்தாமல், "அந்தக் குவியல இன்னிக்கு முடிச்சுறணும். நாளைக்கு நான் இல்ல. ஆட்டோவுல ஏறுறப்ப ஆளு எண்ணிக்குங்க," என்றார்.

அன்று சாயங்காலம் தர்மன் கொட்டகைக்கு வந்தார். அவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. "டாக்டரு சொல்றது எனக்குச் சரியாக் கேக்காது தம்பி. நீயும் வா. கேட்டு எனக்குச் சொல்லு," என்றார்.

மறுநாள் அக்கா, தர்மன், வேணி, நான் என்று நாலு பேருமாகப் பெரம்பலூர் போனோம். அக்கா ஒயர்கூடையில் மாற்றுச் சேலை, சொம்பு, சீப்பு எல்லாம் எடுத்து வைத்திருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்து, அக்காவின் முகத்தைப் பார்த்தே பேசினார். புற்றுநோய்தான். கட்டி சின்னது. ஆரம்ப நிலை மாதிரிதான் தெரிகிறது. கக்கத்தில் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருச்சியில் சொல்லி வைக்கிறேன், இன்றைக்கே போய்ச் சேர்ந்தால் நாளைக் காலையே டெஸ்ட்டுகளை ஆரம்பித்துவிடுவார்கள். ஆபரேஷன், அதற்குப் பிறகு ஊசி மருந்து, கதிர்வீச்சு என்கிற கரண்ட் வைக்கிறது எல்லாம் இருக்கும். குணமாக்கக்கூடியதுதான், ஆனால் விட்டுவிட்டுப் பார்க்கக் கூடாது.

தர்மன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாங்குறாங்க?"

அவர் காதில் சொல்ல வேண்டுமென்றால் சத்தமாகச் சொல்ல வேண்டும். கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. அதற்காகத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்று நினைக்க நினைக்க இன்னும் வரவில்லை.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "கேன்சருதானாம். ஆரம்பமாம். அறுத்து எடுத்துடலாமாம். இன்னிக்கே திருச்சிக்குப் போவணும். கேட்டுச்சா?"

கேட்டுவிட்டது. வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். தர்மன் தலையை ஆட்டினார். பிறகு இடது கையின் விரல்கள் வலது மணிக்கட்டுக்குப் போய் அந்த மஞ்சள் கயிற்றைப் பிடித்தன. இழுத்து அறுக்கப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அறுக்காதீங்க."

"ஒன்னய விட்டுட்டு நான் போவணுமா?"

"போவணும். எனக்குன்னுதானே கட்டுனீங்க? பாதியில அறுத்துட்டு வந்து எங்கூட ஒக்காந்தா, எனக்கு எது நடந்தாலும் நாம அறுத்ததாலதான்னு காலம் பூரா நெனப்பீங்க. ஒங்க அக்கா நெனைக்கலன்னாலும் நீங்க நெனப்பீங்க. எனக்கு அது வேணாம். நீங்க போயிச் சட்டிய எடுங்க. நான் போயிப் படுக்கறேன். காப்பு அவுத்த மறுநாளு மொத பஸ்ஸுல வாங்க. அதுக்குத்தான் நான் அன்னிக்கு ஓடையத் தாண்டி ஒக்காந்திருந்தேன். சும்மா ஒக்காந்தேன்னு நெனச்சீங்களா?"

டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். காப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் தர்மனிடம், "கூட இருக்க ஒரு ஆள் போதும். இந்தப் பொண்ணு இருக்குல்ல?" என்று வேணியைக் காட்டினார். வேணி, "இருக்கேங்க டாக்டர்" என்று சட்டென்று எழுந்து நின்றாள்.

பஸ் ஸ்டாண்டில் குன்னம் வழியாகப் போகிற பஸ் முதலில் கிளம்பியது. விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் போய்விட வேண்டும். தர்மன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே தலையை நீட்டினார். "கஞ்சி குடி. வேணாம்னு தள்ளாத." அவ்வளவுதான் அவருக்குச் சொல்ல வந்தது. அக்கா கீழே இருந்து, "சட்டிய நல்லாப் புடிங்க. தீயி கையில கொட்டிறப் போவுது" என்று கத்தினார். பஸ் போன பிறகு முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "திருச்சி பஸ்ஸு எங்கடி நிக்கும்?" என்று வேணியைக் கேட்டார். நான் போய்ச் சீட் பிடித்துக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் மகனுக்கும் போன் போட்டார்.

செவ்வாய்க்கிழமை தர்மன் சட்டி எடுத்தார். அந்நேரம் அக்கா திருச்சியில் ஸ்கேன் எடுக்க வரிசையில் இருந்தார். மறுநாள் விடிகாலை பஸ்ஸில் தர்மன் போய்ச் சேர்ந்தபோது மணிமாறனும் வந்திருந்தான். வேணி ஊருக்கு வந்து தன் ஆட்டைத் தேடினாள். அதைச் சின்னப்பிள்ளை பிடித்துக் கட்டித் தழையும் போட்டிருந்தார்.

ஆபரேஷன் சித்திரையில் நடந்தது. கக்கத்தில் ஒரு நெறிக்கட்டியில் மட்டும் நோய் தெரிந்ததால் அதையும் எடுத்தார்கள். ஊசி மருந்துக்குப் போய்ப் போய் வந்தபோது பாதித் தடவைக்கு மேல் துணைக்கு இருந்தது சின்னப்பிள்ளைதான். வாந்தியைத் துடைத்துக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருதரம் ஆரம்பித்தாராம். "என்னா சொன்னீங்க? தேரு முடியட்டும்னு சொன்னீங்க" என்று அக்கா மடக்க, "சரி, வாயக் கொப்புளி" என்று சொம்பை நீட்டிவிட்டாராம். முடி கொட்டியபோது அக்கா ஒரு வாரம் யாரையும் பார்க்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. அந்த ஒரு வாரத்தைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை. எட்டாம் நாள் அவரே போன் செய்து, இந்த வருஷம் விதை வெங்காயம் யாருக்கு எங்கே நடவு என்று கேட்டார்.

உண்ணாமலை அக்காவுக்கு இப்போது வயது நாற்பத்தேழு. கரண்ட் வைப்பது ஐப்பசியில் முடிந்துவிட்டது. தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்; சொன்ன தேதிக்குத் திருச்சி போய்க் காட்டிவிட்டு வருகிறார். இடது கையில் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மூட்டை தூக்குவதில்லை. இந்தத் தை அறுப்பிலிருந்து மறுபடியும் ஆள் கூட்டிக்கொண்டு போகிறார்.